கந்தைத் துணியும் பழைய கொரோலாவும்



குருமனையின் வேப்பமரத்தடியில் நிற்கும் காரைக் குறித்து அண்மைக் காலமாக உங்களில் பலர் விசாரித்து வருகிறீர்கள். அதன் பதிவைப் புதுப்பிக்க நான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குச் சென்று வந்தது தெரிந்த பின்பு விசாரணை கூடியிருக்கிறது. இருபது வயதைக் கடந்த வண்டிக்கு இத்தனை செலவு ஏன், கடன் பெற்றுப் புதிய சிறிய கார் ஒன்றை வாங்கலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். கர்த்தர் ஐயாவைப் பெரிய காரில் ஏற்றி ஆசீர்வதித்திருக்கிறார் என்று வேறு சிலர் மகிழ்கிறீர்கள். இரண்டையும் அன்பினாலே சொல்லுகிறீர்கள் என்று அறிவேன். மூன்றாவதாக ஒரு பேச்சும் உண்டு. அது என் காதுக்கு நேராக வரவில்லை, சுற்றி வந்தது. அதைப் பிறகு சொல்லுகிறேன். முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது. தெரியாத பொருளின் மேல்தான் மனிதர் அதிகக் கதைகளைக் கட்டுகிறோம்.

அது டொயோட்டா கொரோலா, 2005ஆம் ஆண்டில் பதிவானது. இந்த வகைக் கார் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது 2003இல். பெங்களூரை அடுத்த பிடதி தொழிற்சாலையில் செய்தார்கள். அப்போது அதன் விலை பத்து லட்சத்தை ஒட்டியிருந்தது. மருத்துவர்களும் ஆலை அதிபர்களும் நிறுவன மேலாளர்களும் பின் இருக்கையில் அமர்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டு போகும்படி அமைந்த வண்டி. 'கொரோலா' என்பது இலத்தீன் மொழியில் சிறு கிரீடம் என்று பொருள்படும். அந்த நிறுவனத்தாருக்குக் கிரீடத்தின் மேல் ஒரு பிரியம் இருந்திருக்கிறது. கிரௌன், கொரோனா, கொரோலா என்று வரிசையாகப் பெயரிட்டார்கள். கேம்ரி என்பதும் கிரீடத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்ததே. நம் வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியில் கிரீடம் பெயரில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மேற்கூரையின் பளபளப்பு வெயிலில் போய்விட்டது, முன்விளக்குகள் கண்புரை விழுந்த கண்களைப்போல மங்கியிருக்கின்றன.

2022இல் அதை வேலூரில் ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். சபைப் பணம் ஒரு ரூபாயும் அதில் இல்லை. நம் வாலிபர்கள் பலர் ஓட்டி வரும் மோட்டார் சைக்கிளின் விலை ஏறக்குறைய அவ்வளவுதான். இதை ஏன் வெளிப்படையாக எழுதுகிறேன் என்றால், பழைய பெரிய காருக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: வாங்கியவனைவிடப் பணக்காரனாக அது அவனைக் காட்டும். யோசுவாவின் நாட்களில் கிபியோனியர் பழைய இரட்டுகளையும் பொத்தல் தைத்த துருத்திகளையும் பூசணம் பூத்த அப்பத்தையும் சுமந்து வந்து, தாங்கள் தூரதேசத்தார் என்று இஸ்ரவேலரை நம்பவைத்தார்கள். பழமையைக் காட்டி ஏமாற்றியது அவர்கள் தந்திரம். இந்தக் காரோ பழமையை மறைத்துக்கொண்டு, யாரும் கேளாமலே ஒரு பெருமையை அறிவித்துக்கொண்டு தெருவில் போகிறது. ஓட்டுகிறவன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாவிட்டால் அந்தப் பெருமை அவன் கணக்கில் ஏறிவிடும்.

ஆகவே கணக்கையும் சொல்லுகிறேன். 15 ஆண்டுகள் கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகள் கடந்த கார்களுக்கு 2025இல் அதை 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி வேறு. இன்ஜின் 1,794 சி.சி. ஆகையால் காப்பீட்டிலும் பெரிய வண்டியின் வரிசையில்தான் நிற்க வேண்டும். 2022இல் நிர்ணயித்த விகிதப்படி மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 7,897 ரூபாய், அதன்மேல் வரி. 1,000 சி.சி.க்கு உட்பட்ட சிறு காருக்கு அதுவே 2,094 ரூபாய். ஊருக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது, நெடுஞ்சாலையில் 13. பழுதுபார்க்கச் சென்ற ஆண்டு 31,000 ரூபாய் ஆயிற்று, அதில் பெரும்பகுதி டயர்களுக்கு. இத்தனையும் கூட்டினாலும், ஆறு லட்சம் கடன் பெற்று ஐந்தாண்டில் அடைப்பவர் மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கட்டும் தவணைக்கு இது எட்டாது. புதிய கார் வாங்கலாமே என்ற அன்பர்களுக்கு என் பதில் இவ்வளவே.

ஆனால் பழைய வண்டியோடு வாழ்வது பணக்கணக்கு மட்டும் அன்று, அது ஒரு கவனிப்பு. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலி இருக்கிறது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றினால் அது நெடுநாள் உழைக்கும். இரும்பு எளிதில் கைவிடுவதில்லை. முதலில் சோர்ந்து போவது ரப்பரும் பிளாஸ்டிக்குமே. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டுகள், சஸ்பென்ஷன் புஷ்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி, நீர்க்குழாய்கள் ஆகியவை ஓடாமல் நின்றாலும் மூப்படைகின்றன. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது, தண்ணீரையும் அது ஈர்க்கும். ஆகையால் எரிபொருள் குழாய்களை மெக்கானிக் முன்னதாகவே மாற்றிவிட்டார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும், உங்கள் வண்டிகளிலும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். வெட்டு ஆழமாக இருக்கிறதே என்று எண்ணி ஆறேழு ஆண்டு கடந்த டயரோடு நெடுஞ்சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதிருங்கள். இது பிரசங்கத்தில் சேராத வார்த்தைதான், ஆனாலும் மேய்ப்பன் சொல்ல வேண்டிய வார்த்தை.

உதிரிப்பாகம் நம் ஊரில் கிடைப்பது அரிது. சென்னையில் ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடி எடுத்து பஸ் பார்சலில் அனுப்புவார்கள். அது வந்து சேரும்வரை வண்டி நிற்கும், நானும் நடப்பேன். வேகத்தடைகள் இன்னொரு சோதனை. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் போனால் அடிவயிறு உரசும் ஓசை எல்லாருக்கும் கேட்கும், பின் இருக்கையில் இருப்பவர்கள் தங்கள் கனத்தை எண்ணி வெட்கப்படுவார்கள். இருக்கை தாழ்வானது. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் முதலில் அமர்ந்துகொண்டு, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். பௌர்ணமி நாளில் வண்டியை எடுப்பதே இல்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் அதைச் சார்ந்த சாலைகளிலும் இலட்சக்கணக்கானோர் நடக்கும்போது, வீடு சந்திப்புக்கு நானும் காலால் நடப்பதே முறை. வெறுங்காலோடு மலையைச் சுற்றும் அந்தப் பெரும் கூட்டத்தின் பொறுமையைக் கண்டு நான் கற்றுக்கொண்டது உண்டு.

புகையைக் குறித்தும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இன்றைய பி.எஸ். 6 வண்டிகளைவிட இது காற்றை அதிகம் கெடுக்கும். புதிய கார் செய்வதற்கும் இரும்பும் மின்சாரமும் செலவாகின்றனவே என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு, ஆனாலும் முழு நியாயம் இல்லை. ஆகவே தேவையற்ற பயணத்திற்கு அதை எடுப்பதில்லை. கடைத்தெருவுக்குச் சைக்கிள் போதும்.

இனி அந்த மூன்றாவது பேச்சு.

நம் சபையில் ஒரு விதவைத் தாயார் இருக்கிறார். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். ஆராதனைக்குத் தவறாதவர். வீட்டில் ஜெபிக்க வருகிறேன் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தார். பிறகு அவர் அண்டை வீட்டுச் சகோதரியின் வாயிலாகத் தெரிந்தது: "அத்தனை பெரிய கார்ல வர்ற ஐயாவுக்கு நான் வெறும் கடுங்காப்பியை எப்படிக் கொடுக்கிறது? உக்கார ஒரு நாற்காலிகூட இல்லையே" என்று சொல்லி அழுதாராம்.

பிரியமானவர்களே, யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பொன்மோதிரம் அணிந்து சபைக்குள் வந்த ஒரு மனிதனைக் காட்டுகிறார். அவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்த ஏழைக்குப் பாதபடியின் அருகும் தருகிறவர்களை அவர் கண்டிக்கிறார். அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது இடம் ஒதுக்குகிறவன் குற்றவாளி என்றே நினைப்போம். மோதிரம் அணிந்தவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த மோதிரம் கடன் வாங்கியதாகவோ முலாம் பூசியதாகவோகூட இருந்திருக்கலாம். ஏழையின் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது, மின்னுவது மட்டுமே தெரியும். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க் காரும் அப்படியே மின்னுகிறது. அது அந்தத் தாயாரின் வாயை அடைத்துவிட்டது. மகன் பள்ளிக் கட்டணத்திற்காக அவர் கந்துவட்டிக்குக் கடன் வாங்கியிருந்ததும், வாரந்தோறும் வசூலுக்கு ஒருவன் வீட்டு வாசலில் நின்றதும் பல மாதம் கழித்தே சபைக்குத் தெரிய வந்தது. மேய்ப்பனுக்கு முன்பாக ஆட்டுக்குப் பேச்சு நின்றுபோவது சிறிய காரியம் அன்று.

வண்டியை விற்றுவிடு என்று என் மனைவி அன்றிரவே சொன்னார். அவர் சொன்னதில் நேர்மை இருந்தது. இணையத்தில் விளம்பரமும் கொடுத்தோம், இருவர் வந்து பார்த்தும் போனார்கள். அந்த நாட்களில்தான் எரேமியாவின் புத்தகம் 38ஆம் அதிகாரத்தை வேதபாட வகுப்பில் எடுத்தோம். உங்களில் அங்கிருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

சிதேக்கியா ராஜாவின் நாளில் பிரபுக்கள் எரேமியாவைக் கயிறுகளால் துரவில் இறக்கினார்கள். துரவில் தண்ணீர் இல்லை, சேறுதான். தீர்க்கதரிசி அதில் அமிழ்ந்துகொண்டிருந்தான். எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக்கு ராஜாவிடம் துணிந்து பேசி, முப்பது பேரை அழைத்துக்கொண்டு போக உத்தரவு பெற்றான். இதுவரை எல்லாப் பிரசங்கிகளும் சொல்லுவோம். நான் நின்றுபோவது இதற்கு அடுத்த இடத்தில். துரவுக்குப் போகுமுன் அவன் ராஜாவின் அரமனைக்குள் நுழைந்து, பொக்கிஷசாலைக்குக் கீழே இருந்த அறைக்குப் போகிறான். மேலே பொக்கிஷம், கீழே கழித்துப்போட்ட துணிகள். அவன் கேட்டதும் எடுத்ததும் கீழே கிடந்தவற்றைத்தான். அந்தக் கந்தைகளைக் கயிற்றால் இறக்கி, அக்குள்களில் வைத்துக்கொண்டு அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும்படி எரேமியாவுக்குச் சொல்லுகிறான். மெலிந்த உடம்பைச் சேற்றிலிருந்து இழுக்கும்போது கயிறு அறுத்துவிடும் என்று அந்த மனிதனுக்குத் தோன்றியிருக்கிறது. முப்பது பேரின் பலத்தைப் பெற்றவன் கந்தைத் துணியையும் நினைத்தான். பட்டுத்துணி அந்த வேலைக்கு உதவாது. பலமுறை துவைத்து நைந்த துணிதான் மெத்தென்றிருக்கும்.

அந்த வகுப்பில் ஒரு சகோதரி இருந்தார். அவர் அனுமதியோடு எழுதுகிறேன், பெயரை எழுதவில்லை. மார்பில் புற்றுநோய் கண்டு, இடப்பக்கம் அறுவை சிகிச்சையும் அக்குளில் நெறிக்கட்டிகளை அகற்றுவதும் முடிந்து, 21 நாளுக்கு ஒருமுறை மருந்தேற்றிக்கொள்ள வேலூருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். போளூர், கண்ணமங்கலம் வழியாகப் போக ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பேருந்தில் போவது எளிது, திரும்புவதுதான் கடினம் என்பார். மருந்து ஏறிய உடம்போடு நெரிசலில் நிற்கவும் முடியாது, வாந்தி வந்தால் எழுந்து ஓடவும் முடியாது. வாடகைக் காருக்குக் கொடுக்கும் பணம் மருந்துக்கு ஆகும்.

பாட வகுப்பு முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, தம் அறுவைப் புண்ணின்மேல் காரின் சீட் பெல்ட் பட்டால் உயிர் போகும்போல் வலிக்கிறது, தைத்த தலையணை எதுவும் சரிப்படவில்லை, ஒரு பழைய வாயில் புடவையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டேன், அதுதான் தாங்கியது என்றார். எரேமியாவுக்குச் செய்தது எனக்கும் செய்தது ஐயா என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாள் விளம்பரத்தை எடுத்துவிட்டேன்.

அன்றுமுதல் அந்தக் காருக்கு முதல் வேலை வேலூர்ப் பயணம். அதிகாரிகளுக்காக அகலமாகவும் மிருதுவாகவும் செய்த அந்தப் பின் இருக்கை, மருந்தேற்றிக்கொண்டு திரும்பும் ஒருவர் தலையைப் பின்னே சாய்த்து, காலைத் தாராளமாக நீட்டிக்கொள்ள உதவுகிறது. நீளமான சக்கர இடைவெளி இருப்பதால் குழிகளில் சிறு கார்களைப்போல் துள்ளுவதில்லை. குளிரூட்டியைக் கத்திரி வெயிலிலும் நம்பலாம். போய்வர 13 லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 1,300 ரூபாய். வசதி உள்ளவர்கள் அதில் பங்கு தருகிறார்கள், இல்லாதவர்களிடம் கேட்பதில்லை. இதுவரை டயாலிசிஸுக்கு அணுகுகுழாய் வைத்துக்கொள்ளப் போன ஒரு தகப்பனார், கண்புரைக்குப் போன இரு பாட்டிமார், பிரசவத்திற்கு முன் பரிசோதனைக்குப் போன ஒரு இளம்பெண் ஆகியோர் அதில் போய் வந்திருக்கிறார்கள். இவர்களில் மூவர் நம் சபையார் அல்லர், ஒருவர் மலைவலப் பாதையில் விபூதி விற்கிறவர்.

இந்தச் சாலைகளுக்கு இது புதிய பழக்கமும் அன்று. 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியசாலை தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், நோயாளிகள் தம்மிடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. மாட்டு வண்டியிலும், பின்னாளில் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுத்தார். அந்த வண்டி எத்தனை குதிரைத்திறன் என்று அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விதவைத் தாயாரின் காரியம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இப்போது அவர் தெருவுக்குக் காரைக் கொண்டுபோவதில்லை. கோயிற்பிள்ளையின் டி.வி.எஸ். 50இல் பின்னால் அமர்ந்து போகிறேன், அல்லது நடக்கிறேன். முதல்முறை போனபோது மண்தரையில் பாய் விரித்தார், கடுங்காப்பி கொடுத்தார், சர்க்கரை கொஞ்சம் அதிகம். கடனைப் பற்றி அன்று வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை போனபோதுதான் சொன்னார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அந்தக் கடனை ஒரே முறையில் அடைத்து, வட்டியின்றிச் சிறு தொகையாகத் திரும்பப் பெற்று வருகிறார்கள். அவர் மகன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறான்.

ஒருநாள் காய்ச்சல் கண்ட மகனை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக அந்தத் தாயாரே இரவு பதினொரு மணிக்குக் குருமனைக் கதவைத் தட்டினார். காரில் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். போட்டுக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லியும் கேட்கவில்லை. இன்னும் அவர் அந்த வண்டியில் செருப்போடு ஏறுவதில்லை. அந்தச் செருப்பு காலுக்குத் திரும்பும்வரை இந்தக் கார் முழுவதும் சபைக்குரியதாக ஆகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

பதிவு இன்னும் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். வண்டி அத்தனை நாள் ஓடுமா என்பதை மெக்கானிக் தம்பியும் உறுதியாகச் சொல்லவில்லை. கியர்பெட்டியில் ஒரு முனகல் தொடங்கியிருக்கிறது என்கிறார்.

அடுத்த வேலூர்ப் பயணம் வருகிற செவ்வாய்க்கிழமை, அதிகாலை 4.30க்குக் குருமனையிலிருந்து. பின் இருக்கையில் அந்தச் சகோதரியும் அவர் மகளும் வருகிறார்கள். முன் இருக்கையில் ஒருவருக்கு இடம் இருக்கிறது. தேவையுள்ளவர்கள் திங்கள் மாலைக்குள் கோயிற்பிள்ளையிடம் சொல்லுங்கள். இந்தச் சபையார்தானா என்று அவர் கேட்க மாட்டார். வீட்டில் நன்றாக நைந்த பருத்திப் புடவை இருந்தால் துவைத்து, மடித்துக் கொண்டுவந்து கொடுங்கள், காரில் இரண்டு மூன்று எப்போதும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. புதிய துணி வேண்டாம்.